விலை இறங்கட்டும், வாங்கலாம்

வேலையிடத்தில் அவனுக்கு 'இறக்கம்' என்று பெயர். லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் ஒருவனுக்கு அப்படிப் பெயர் வைத்தால் குழப்பம் வராமல் இருக்குமா? "இறக்கம் எங்கய்யா?" என்று கீழே நிற்பவர் கத்துவார். "இறக்கம் மேல இருக்கு" என்று மேலேயிருந்து பதில் வரும். புதிதாக வந்த மேனேஜர் கொஞ்ச நாள் தலையைச் சொறிந்துகொண்டு திரிந்தார்.

பெயருக்கும் லிஃப்டுக்கும் சம்பந்தமில்லை. அவன் எந்தப் பொருளையும் விலை இறங்காமல் வாங்கமாட்டான். அவன் போனில் ஒரு ஆப் இருந்தது. வேண்டிய பொருளை அதில் காட்டி, இன்ன விலைக்கு வந்தால் சொல் என்று சொல்லிவிட்டால் போதும். அது கண் மூடாமல் காவல் காத்து, விலை இறங்கிய உடனே மணியடிக்கும். செருப்பு, குக்கர், தலையணை உறை, பல் துலக்கும் பிரஷ் வரைக்கும் எல்லாவற்றுக்கும் அவன் மணி கட்டி வைத்திருந்தான்.

பிறக்கும்போதே அவன் இப்படி இல்லை. கல்யாணமான புதிதில் கடைக்குப் போய், சொன்ன விலையைக் கொடுத்து ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினான். அடுத்த வாரமே எதிர்வீட்டுக்காரர் அதே ஃப்ரிட்ஜை ஆன்லைனில் வாங்கினார். வாங்கியதோடு விட்டாரா? மாடிக்குத் தூக்க ஒரு கை கொடுங்கள் என்று அவனையே கூப்பிட்டார். படிக்கட்டு திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் மூச்சு வாங்க நிற்கும்போது, தான் வாங்கிய விலையை ஒரு தடவை சொன்னார். அவர் வீட்டு வாசலை அடைந்தபோது அவனுக்குத் தோளும் போயிற்று, மானமும் போயிற்று. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். அவன் அன்றிலிருந்து கடைப் படி ஏறுவதில்லை.

"மேல போனது கீழ வந்துதான் ஆகணும். லிஃப்டா இருந்தா என்ன, விலையா இருந்தா என்ன" என்பது அவன் வேதவாக்கு. கம்பெனியில் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் அவனிடம்தான் வந்து கேட்பார்கள். அவனோடு ஜோடியாக வேலைக்குப் போகிற மெக்கானிக் ஒருவர் இருந்தார். என்ன சத்தம் கேட்டாலும் முதலில் கிரீஸ் டப்பாவைத் திறப்பதால் அவருக்கு 'கிரீஸ்' என்றே பெயர். அவர்கூட மகளின் தையல் மெஷினை இவன் சொன்ன நாளில்தான் வாங்கினார். வாங்கிக்கொண்டு, "யோவ் இறக்கம், நீ பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான் காத்திருந்தியா?" என்று கேட்டார். அவனும் சேர்ந்து சிரித்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவனுக்கு ஒரே ஒரு அக்கா. ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மா வேலைக்குப் போன நாட்களில் அவனுக்குத் தலைவாரி விட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, முதல் சம்பளத்தில் சைக்கிள் வாங்கித் தந்தது எல்லாம் அவள்தான். அவள் மகன் வெளியூரில் படிக்கிறான். மாமாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை, வீட்டில் இருந்ததைவிடக் கடலில் இருந்ததே அதிகம்.

ஒரு தடவை லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணி வழுக்கி அவன் கால் முறிந்தது. அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். படு என்றால் படுக்கிற ஆளா அவன்? கட்டுப் போட்ட காலோடு தானே பாத்ரூம் போகிறேன் என்று எழுந்து, அப்படியே பக்கவாட்டில் சரிந்தான். அக்கா பாய்ந்து பிடித்தாள். பிடித்த வேகத்தில் அவள் மணிக்கட்டு கட்டிலின் இரும்புக் கம்பியில் மோதியது. வாட்ச் கண்ணாடி நொறுங்கியது. உள்ளேயிருந்து நொடி முள் மட்டும் தெறித்து, தலைமுடி மாதிரி படுக்கை விரிப்பின் மேல் கிடந்தது.

"எலும்புக்கு பதிலா கண்ணாடி உடைஞ்சுது. போகட்டும் விடு" என்றாள் அக்கா.

"நான் வாங்கித் தரேன்க்கா. நல்லதா ஒண்ணு."

"முதல்ல நீ நேரா நில்லு. அப்புறம் வாங்கலாம்."

நர்சுக்கு வாட்ச் நகை இல்லை, வேலைச் சாமான். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து, நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டேதான் நாடி எண்ண வேண்டும். வார்டுக்குள் போனை எடுக்கக் கூடாது என்று அங்கே கண்டிப்பு. இது அவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை. படுத்துக்கிடந்த நாட்களில் அவன் கையையே அவள் எத்தனையோ தடவை பிடித்து எண்ணியிருக்கிறாள்.

கால் தேறியதும் இரண்டு பேரும் வாட்ச் கடைக்குப் போனார்கள். அவனாக விரும்பிப் போகவில்லை, கையில் கட்டிப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்று அக்கா சொன்னதால் போனார்கள். அவள் அதிகம் தேடவில்லை. வெள்ளை முகம், கறுப்பு எண்கள், சிவப்பு நொடி முள், எஃகுச் சங்கிலி. கட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவள் மணிக்கட்டு ஒல்லி. கடைக்காரர் வாட்சை வாங்கி, சின்ன ஊசியால் சங்கிலியில் ஒரு கண்ணியைக் கழற்றி, திரும்பக் கட்டிவிட்டார். "இப்ப உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்மா" என்றார்.

அவன் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தான். பிறகு அக்காவின் காதருகே குனிந்தான். "இதே வாட்ச் நெட்ல இன்னும் கம்மியா வரும்க்கா. விலை இறங்கட்டும், வாங்கலாம்."

அக்கா ஒரு கணம் கையைப் பார்த்தாள். பிறகு கழற்றி, மேசையில் இருந்த சின்ன வாட்ச் மெத்தை மேல் பழையபடி வைத்தாள்.

"சரிடா. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

வெளியே வரும்போது கடைக்காரர், கழற்றிய கண்ணியைத் திரும்பக் கோக்கக் குனிந்திருந்தார். அவன் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்தான்.

அன்றே ஆப்பில் மணி கட்டினான். அந்த மாதக் கடைசியிலேயே மணி அடித்தது. விலை நன்றாகத்தான் இறங்கியிருந்தது. யோசித்துப் பார்த்தால் அப்போதே வாங்கியிருக்கலாம். ஆனால் ஆப்பில் விலையின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகப் போட்டுக் காட்டுவார்கள். அந்தக் கோடு இன்னும் கீழே போகும்போலத் தெரிந்தது. இறங்குகிற லிஃப்டை நடுவில் நிறுத்துவானேன் என்று விட்டுவிட்டான். கோடு மேலே ஏறியது.

இரண்டாவது தடவை அதைவிடக் கீழே வந்தது. பணம் கட்டுகிற பக்கம் வரைக்கும் போய்விட்டான். அடுத்த மாதம் பெரிய தள்ளுபடி வரப்போகிறது என்று மேலே ஒரு விளம்பரம் ஓடியது. மூடிவிட்டான்.

அவன் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, அண்ணிக்கு ஒரு வாட்ச் வாங்கறதுக்கு இத்தனை மாசமா? வாங்கித் தொலைங்களேன்."

"உனக்குத் தெரியாது, பேசாம இரு. அவசரப்பட்டா அவன்தான் ஜெயிப்பான்."

"எவன்?"

எவன் என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

அக்கா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவள் வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் அவன் கண் அவள் இடது மணிக்கட்டுக்குப் போகும். முதலில் அங்கே வாட்ச் இருந்த இடம் வெளுத்த பட்டையாகத் தெரிந்தது. போகப் போக அது மங்கியது. ஒரு நாள் பார்த்தபோது பட்டையே இல்லை. கையின் நிறத்தோடு கலந்துவிட்டது. அவனுக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. அடுத்த தடவை எப்படியும் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தான்.

அந்த அடுத்த தடவை வந்தபோது அவன் ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் கூண்டின் கூரை மேல் நின்றுகொண்டிருந்தான். கம்பி வடங்களுக்கு நடுவே கிரீஸ் டார்ச் பிடித்திருந்தார். சட்டைப் பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தால், விலை கடையில் கண்டதில் பாதிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. 'இன்னும் சற்று நேரம் மட்டும்' என்று சிவப்பு எழுத்து மின்னியது. விரலெல்லாம் எண்ணெய். திரையை நன்றாகப் பார்க்கக்கூட இல்லை. விரல் முட்டியால் தட்டித் தட்டி வாங்கிவிட்டான்.

"விழுந்துடுச்சா?" என்றார் கிரீஸ்.

"விழுந்துடுச்சு!" அவன் போட்ட சத்தத்தில், மேல் மாடிக் கதவிடுக்கில் ஒருவர் எட்டிப் பார்த்து, "யாருய்யா விழுந்தது?" என்று பதறினார்.

அக்காவுக்கு அந்த வாரம்தான் வார்டுப் பொறுப்பு கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டில் சின்னதாக ஒரு கூட்டம். அவனும் மனைவியும் போனார்கள். அவளோடு வேலை பார்க்கிற இளம் நர்ஸ் ஒருத்தியும் வந்திருந்தாள். அவன் பெட்டியை நீட்டினான். வெள்ளை முகம், கறுப்பு எண்கள், எஃகுச் சங்கிலி. அக்கா மூடியைத் திறந்து பார்த்தாள். அவள் பார்வை வாட்ச் முகத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாகவே நின்றது. நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"ரொம்ப அழகா இருக்குடா" என்று கையில் மாட்டிக்கொண்டாள். சங்கிலி தொளதொள என்று முழங்கைப் பக்கம் ஓடியது.

இளம் நர்ஸ் எட்டிப் பார்த்து, "அக்கா, இதுல…" என்று ஆரம்பித்தாள்.

"நீ கேக் எடுத்துக்கோ. சாப்பிடவே இல்லையே நீ" என்று அவள் கையில் தட்டைத் திணித்தாள் அக்கா.

அவன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "கடைக்காரன் சொன்ன விலையில பாதிக்கு வாங்கினேன். பொறுமை வேணும், எல்லாத்துக்கும் பொறுமை வேணும்" என்று எல்லாரும் கேட்கச் சொன்னான். மனைவி அவன் காலை மிதித்தாள். கால் முறிந்து சேர்ந்த இடம் அது. அவன் அதையும் சிரித்தே சமாளித்தான்.

சில வாரம் கழித்து, ஆஸ்பத்திரியில் கட்டில் ஏற்றிப் போகிற பெரிய லிஃப்ட் நின்றுவிட்டது என்று கம்பெனிக்கு அழைப்பு வந்தது. அவனும் கிரீஸும் போனார்கள். கோளாறு அக்காவின் வார்டு இருந்த மாடியில். கதவு கடைசி விரற்கடை மூடாமல் நின்றது. கதவு முழுசாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. அதன் புத்தி அப்படி. கதவை மேலே தாங்கி உருட்டுகிற சின்னச் சக்கரம் தேய்ந்திருந்தது. கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டு, சக்கரத்தை மாற்ற உட்கார்ந்தான். அங்கிருந்து பார்த்தால், வராந்தாவுக்கு அந்தப் பக்கம் வார்டின் கண்ணாடிக் கதவு. உள்ளே அக்கா.

ஒரு பெரியம்மாவின் கட்டிலருகே நின்றிருந்தாள். இடது கையில் அவன் வாங்கித் தந்த வாட்ச். கூப்பிடலாமா என்று அவன் வாயெடுத்தான். அதற்குள் அவள் பெரியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொரு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு எதையோ எடுத்தாள். பச்சை நிறத்தில், ரப்பர் பட்டை வைத்த, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டுகிற பிளாஸ்டிக் வாட்ச். அதை உள்ளங்கையில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டு, உதடு அசைய எண்ணினாள். எண்ணி முடித்ததும் பச்சை வாட்ச் பைக்குள் போய்விட்டது. எஃகு வாட்ச் முழங்கைப் பக்கம் ஓடியது. அதை இழுத்து மணிக்கட்டில் விட்டுக்கொண்டாள்.

கிரீஸும் பார்த்தார். "உங்கக்கா பெரிய ஆளுய்யா. கையில ஒண்ணு, பையில ஒண்ணு. நமக்கு டைம் பாக்க ஒண்ணுக்கே வழியில்ல" என்று சிரித்தார்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. என்னவோ புரிகிற மாதிரியும் இருந்தது, புரியக் கூடாது என்றும் இருந்தது. அந்த நேரம் பார்த்து இளம் நர்ஸ் மருந்துத் தட்டோடு வராந்தாவில் வந்தாள். லிஃப்ட் எப்போது ஓடும் என்று கேட்டாள். அவன் பதில் சொல்லாமல், "ஏம்மா, அக்கா எதுக்குப் பையில ஒரு வாட்ச் வச்சிருக்கா?" என்றான்.

அவள் தயங்கினாள். "அது வந்து அண்ணா… நீங்க குடுத்ததுல நொடி முள்ளு இல்லையே. நாடி எண்ணறதுக்கு அது வேணும்."

"இல்லையா?"

"இல்லையே. மணி முள்ளும் நிமிஷ முள்ளும்தான். அன்னைக்கே சொல்ல வந்தேன், அக்கா கேக்கைத் தந்து வாயை அடைச்சிட்டாங்க." பேச ஆரம்பித்தால் அவளுக்கு நிறுத்தத் தெரியாதுபோல. "முன்னாடி என்னோட வாட்சைத்தான் வாங்கிப்பாங்க. ஒரு தடவை பெரிய டாக்டர் வந்தப்ப, நான் பக்கத்துல இல்ல. நாடி எவ்வளவுன்னு கேட்டாரு, இவங்க வாட்ச் வாங்க என்னைத் தேடி ஓடி வந்தாங்க. 'ஒரு வாட்ச்கூட இல்லாத நர்சா'ன்னு நோயாளிங்க முன்னாடியே கேட்டுட்டாரு. அக்கா முகத்தைப் பாக்க முடியல." அப்போதுதான் யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க அண்ணா."

அவள் போய்விட்டாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, வாங்கிய பக்கத்தைத் திறந்தான். ஒரே பெயர், ஒரே முகம், ஒரே சங்கிலி. கீழே சின்னப் படங்களாக இரண்டு வகை. ஒன்றில் சிவப்பு முள் இருந்தது, ஒன்றில் இல்லை. மணி அடித்தது இல்லாததற்கு. சிவப்பு முள் உள்ளது பாதி விலைக்கு வரவே இல்லை. விரிப்பின் மேல் தெறித்து விழுந்த நொடி முள்ளைத் தன் கண்ணாலேயே பார்த்தவன் அவன். இத்தனை மாதம் விலையைப் பார்த்தானே தவிர, வாட்சை ஒரு தடவையும் பார்க்கவில்லை.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "பொறுமை வேணும்" என்று அன்று எல்லாரும் கேட்கத் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"என்னய்யா ஆச்சு?" என்றார் கிரீஸ்.

"ஒண்ணும் இல்ல. அந்தச் சக்கரத்தை எடுங்க."

சக்கரத்தை மாற்றி, கதவை மாட்டி, ஓட்டிப் பார்க்கக் கூண்டுக்குள் ஏறினான். உள்ளே மூன்று பக்கமும் பளபளக்கிற எஃகுச் சுவர். தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கதவுப் பக்கம் திரும்பி நின்றான். கதவும் எஃகுதான். தரைத்தளம் வரும்வரை தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். வார்டுப் பக்கம் தலைகாட்டாமல் பின்வாசல் வழியாக வெளியேறினான்.

அன்று மாலையே வாட்ச் கடைக்குப் போனான். கடைக்காரர் அவனைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க. நெட்ல கிடைச்சுதா?"

குத்தலாகச் சொன்னாரா, சாதாரணமாகத்தான் கேட்டாரா என்று தெரியவில்லை. அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். "சிவப்பு நொடி முள்ளு வச்சது. அன்னைக்குப் பாத்ததே வேணும்" என்றான்.

கடைக்காரர் எடுத்து வைத்தார். கேட்காமலே ஊசியை எடுத்து, ஒரு கண்ணியைக் கழற்றினார். "அவங்க கை ஒல்லி. எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். அவன் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தான்.

அக்கா மாலை ஷிஃப்ட் இல்லாமல் வீட்டில் இருந்தாள். பக்கெட்டில் யூனிஃபார்ம் ஊறிக்கொண்டிருந்தது. கையில் எஃகு வாட்ச் இல்லை. ஈரம் படக் கூடாது என்று ஜன்னல் ஓரம் துணி விரித்து அதன்மேல் வைத்திருந்தாள்.

"என்னடா, சொல்லாம கொள்ளாம? லிஃப்ட் ரிப்பேருக்கு வந்துட்டு என்னைப் பாக்காமயே ஓடிட்ட?"

அவன் பெட்டியை மேசை மேல் வைத்தான். "இதைப் பிரிச்சுப் பாருக்கா."

பிரித்தாள். பார்த்தாள். "இது எதுக்கு? அதான் ஒண்ணு இருக்கே."

"பையில இன்னொண்ணும் இருக்கே. பச்சையா."

அக்காவின் முகம் சிவந்தது. திருடும்போது பிடிபட்ட மாதிரி அவள்தான் பார்வையைத் தாழ்த்தினாள். "பாத்துட்டியா? தப்பா நினைச்சுக்காதடா. நீ ஆசையா வாங்கிக் குடுத்த. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாப்பாங்களா? வேலைக்கு மட்டும்தான் அது. மத்த நேரமெல்லாம் உன்னோடதைத்தான் கட்டறேன்."

மன்னிப்புக் கேட்க வந்தவன் அவன். கேட்டது அவள்.

"அந்தப் பச்சை வாட்சை முன்னாடியே வாங்கியிருக்கலாம்லக்கா? அந்தப் பொண்ணுகிட்ட ஏன் கடன் கேட்டுட்டு இருந்த?"

"யார் சொன்னா? ஓ, அவளா. வாய்க்குப் பூட்டே கிடையாது அவளுக்கு." கையைத் துடைத்துக்கொண்டாள். "எப்படிடா வாங்கறது? நீ வாங்கித் தரேன்னு சொன்ன. நாளைக்கே கொண்டு வந்து நீட்டற, என் கையில ஏற்கெனவே ஒண்ணு இருக்குன்னா உனக்கு எப்படி இருக்கும்? இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு இருந்துட்டேன். உனக்கும் கஷ்டம் இருக்கும்ல, கால் வேற உடைஞ்சு கிடந்த."

அவனுக்குக் கஷ்டம் எதுவும் இருக்கவில்லை. காலுக்குக் கம்பெனியே செலவு செய்தது.

அக்கா புது வாட்சைக் கட்டிப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. சிவப்பு முள் ஓடுவதைப் பார்த்தபடி, "பாவம், தெரியாம வேறதை வாங்கிட்ட. அதுக்குப் போயி முகத்தை இப்படி வச்சிருக்க. உக்காரு, காபி போடறேன்" என்றாள்.

அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். தெரியாமல் வாங்கிவிட்டான், தெரிந்ததும் சரியாக வாங்கிக் கொடுத்துவிட்டான். காபி குடித்துவிட்டு நல்ல தம்பியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். அவன் உட்காரவும் செய்தான். ஆனால் அவள் அடுப்பைப் பற்ற வைக்கத் திரும்பியபோது அவன் வாய் திறந்துகொண்டது.

"அக்கா, இது முதல் மாசமே இறங்குச்சு. இதேதான், முள்ளு வச்சதே."

அவள் திரும்பினாள்.

"வாங்கலாம்னு பாத்தேன். இன்னும் இறங்கும்னு விட்டுட்டேன். அப்புறம் இன்னொரு தடவை இறங்குச்சு. அப்பவும் விட்டுட்டேன். கையில காசு இருந்துச்சு. இல்லாம இல்ல."

அவள் கோபப்படுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"எனக்கு வேலைக்கு வேணும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"டாக்டர் என்னை அப்படிக் கேட்டப்பகூட, என் தம்பிக்கு முடியலன்னுதான்டா நினைச்சேன்."

காபி போட்டுக் கொடுத்தாள். அவன் குடித்தான். சர்க்கரை போட்டிருந்தாளா இல்லையா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது, "வரேன்க்கா" என்றான். "ம்" என்றாள். வழக்கமாகப் படிக்கட்டு முனை வரை வந்து, "பாத்துப் போடா, கால் ஜாக்கிரதை" என்பாள். அன்று கதவருகிலேயே நின்றுகொண்டாள்.

வீட்டில் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னான். அவள் 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஆரம்பிப்பாள் என்று நினைத்தான். அவள் ஆரம்பிக்கவில்லை. தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு, "பாவம் அண்ணி" என்று மட்டும் சொன்னாள். அதுவும் உறைத்தது.

அடுத்தடுத்த நாட்களில் போனில் மணி அடிக்கும்போதெல்லாம் அவனுக்குத் திக்கென்றது. குக்கர் மூடிக்கான ரப்பர் வளையம் இறங்கியிருக்கும், மகளுக்கான குடை இறங்கியிருக்கும். வளையத்தை வாங்கினான். மகளைக் கடைக்கே கூட்டிப்போய்க் குடை வாங்கிக் கொடுத்தான். அவள் நம்ப முடியாமல், "அப்பா, இன்னைக்கேவா? நிஜமாவா?" என்று கேட்டாள். அதைக் கேட்டும் அவனுக்குத் தலை குனிந்தது. கிரீஸ் யாருக்கோ மிக்ஸி வேண்டும், எப்போது வாங்கலாம் என்று கேட்டபோது, "எப்ப வேணுமோ அப்ப வாங்கச் சொல்லுங்க" என்றான். "காய்ச்சலாய்யா உனக்கு?" என்று கிரீஸ் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அக்காவுக்குப் போன் செய்ய எடுப்பான், வைத்துவிடுவான். என்ன சொல்வது? சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு நாள் நினைத்தான். நினைத்ததற்கும் வெட்கப்பட்டான்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், ஒரு துணிக்கடை லிஃப்டின் மெஷின் அறையில் இருக்கும்போது போன் அடித்தது. விலை மணியாக இருக்கும் என்று அலட்சியமாக எடுத்தான். அக்கா.

"வேலையா?"

"இல்லக்கா, சொல்லு."

"வாஷிங் மெஷின் கடகடன்னு ஆடுது. பக்கத்து வீட்ல பூகம்பம்னு நினைச்சு வெளிய ஓடி வராங்க. வந்து பாக்கறியா?"

"இப்பவே வரேன்."

"இப்பவேயா?" என்றாள். "எதுக்கு அவசரம்? இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துப் பாரேன். உன் வீட்லேருந்து என் வீட்டுக்கு தூரம் ஏதாவது இறங்குதான்னு."

அவன் காது மடல் வரை சூடேறியது. அவள் சிரித்துக்கொண்டு சொன்னாளா, சிரிக்காமல் சொன்னாளா என்று போனில் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை. "வரேன்க்கா" என்று மறுபடியும் சொன்னான்.

"சாயங்காலம் வீட்டுக்கு வா. இப்ப ட்யூட்டில இருக்கேன், வார்டுக்கு வெளிய வந்து பேசறேன்" என்று அவள் வைத்துவிட்டாள்.

கிரீஸ் டப்பா மூடியைத் திருகியபடி, "யாருய்யா?" என்றார்.

"அக்கா. மெஷின் ஆடுதாம்."

"கொஞ்சம் கிரீஸ் எடுத்துட்டுப் போ."

எப்போதும்போல் பதிலுக்கு ஏதாவது சொல்வான் என்று கிரீஸ் காத்திருந்தார். அவன் டப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்தான்.